கார்டு பெட்டி மாட்டாத கூட்ஸ்

என் பெயர் சண்முகசுந்தரம், வயது அறுபத்தெட்டு, தகப்பனார் பெயர் மாரப்பன், இருப்பு அருவங்காடு. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டார், மகள் மஸ்கட்டில் இருக்கிறாள், வீட்டில் நான் மட்டும்.

அரவேணு ஊரைச் சேர்ந்த நவநீதன் என்னோடு வேலை பார்த்தவர். எங்கள் இருவருக்கும் மாடல் ரயில் பைத்தியம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எஞ்சின் எல்லாம் நான் வாங்குவது, சரக்குப் பெட்டி எல்லாம் அவர் வாங்குவது என்று ஏற்பாடு. தண்டவாளம் அவர் வீட்டு மேசையில் இருக்கிறது. ஒருவர் இல்லாமல் மற்றவர் கூட்ஸ் ஓட்ட முடியாது. ஆகவே ஞாயிறு தவறாமல் அங்கே போவேன், வீட்டுச் சாவி ஒன்றும் என்னிடம் கொடுத்திருந்தார்.

சென்ற வருடம் புது டீசல் எஞ்சினும் அதற்கேற்ற நிலக்கரிப் பெட்டிகளும் வரப்போவதாக மாடல் ரயில் கம்பெனி அறிவித்தது. வழக்கப்படி எஞ்சினை நானும் பெட்டிகளை அவரும் முன்பதிவு செய்தோம். அதன்பின் நவநீதனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. மகன் ஸ்ரீஹரி வீட்டைப் பூட்டி அவரைக் கோவைக்குக் கூட்டிச் சென்றார். நான் போய்ப் பார்த்தபோது நவநீதன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் எனக்குப் பேச ஆள் இல்லை. பால்காரரை நிறுத்தி நிறுத்திப் பேசியதில், இப்போது அவரும் மணி அடிக்காமல் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்.

சென்ற வாரம் என் எஞ்சின் வந்தது. அவர் பெட்டிகளும் வந்தன, வீடு பூட்டியிருந்ததால் கூரியர்காரர் என்னை அழைத்துக் கொடுத்தார். நேற்று காலை இரண்டையும் எடுத்துக்கொண்டு குன்னூரில் பஸ் மாறி அரவேணு போய், என்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போனேன். ஸ்ரீஹரியிடம் கேட்கவில்லை, கேட்டால் விடமாட்டார். மேசைத் தூசியைத் துடைத்து, பெட்டிகளை மாட்டி ஓடவிட்டேன். எஞ்சின் ஹாரன் அசல் மாதிரியே இருந்தது. தனியாக நின்று பார்க்கப் பிடிக்கவில்லை. அதன்பின் நவநீதனுக்கு வீடியோ கால் போட்டேன், அவரைக் கவனித்துக்கொள்ளும் சின்னம்மை என்ற பெண் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

கூட்ஸின் கடைசியில், ரயில் கார்டு உட்கார்ந்து வரும் கார்டு பெட்டி மாட்டவேண்டும். நான் வேண்டுமென்றே மாட்டாமல் அதை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் ஓட்டினால் அவருக்குப் பொறுக்காது, முன்பெல்லாம் கன்னாபின்னாவென்று திட்டுவார். வண்டி ஒரு சுற்று முடித்து வரும்போது அவர் வாய் கோணியபடி, "ஏனுங்க, கார்டு பெட்டி எங்கீங்க?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பதில் சொல்வதற்குள் ஸ்ரீஹரி போனைப் பிடுங்கி, "எங்க ஊட்டுக்குள்ள யாரைக் கேட்டுப் போனீங்க, அங்கிள்?" என்று சத்தம் போட்டு வைத்துவிட்டார். அதன்பின் காவலர் வந்து என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார். அந்தக் கார்டு பெட்டி என் பையில் இருந்து எடுக்கப்பட்டு, திருட்டுச் சொத்தாக இப்போது இந்த மேசைமேல் இருக்கிறது. என் எஞ்சின் நவநீதன் வீட்டில்தான் நிற்கிறது.

ஸ்ரீஹரியின் புகாரைப் படித்துக் காட்டினார்கள். நான் உள்ளே புகுந்தது அதில் இருக்கிறது. அவர் அப்பா பேசியது அதில் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன். நவநீதன் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மேலே உள்ளது நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை.

(ஒப்பம்) மா. சண்முகசுந்தரம்