தூங்கப் பயந்தவர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, யார் தயவும் இல்லாமல் அரிசி மில் வைத்தவன் நான். ஊரில் நான் கேட்காத பேச்சு கிடையாது. ஆனால் உத்திரமேரூர் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தன் மனைவியிடம் கேட்ட மாதிரி ஒரு கேள்வி என் காதிலேயே விழுந்ததில்லை.

"பவுனு, நீ நெஜமாவே கீறியா?"

கண் ஆபரேஷன் முடிந்து, சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஊர் திரும்புகிறவர். வெளியே ஏரித் தண்ணீர் வெயிலில் மினுங்கியபடி பஸ்ஸோடு கூடவே வந்தது.

"பக்கத்துல குந்திக்கினு கீறேன். இன்னா கேள்வி இது?"

"கண்ணு தெரியாதப்ப தெனம் கனவுல இதே ஏரி வரும், நீ வருவ. முழிச்சா இருட்டு. இதுவும் கனவுதானோன்னு கீது."

"கனவுல இப்டி திட்டுவனா?"

"அதுலயும் திட்டின."

"அதான் கட்டு அவுத்ததுலேர்ந்து தூங்காம கீறியா?"

"தூங்கி முழிச்சா எல்லாம் போயிடுமே."

"சாமி கீதா, இல்லியா?"

"கீது."

"அது ஏமாத்துமா?"

"என் கண்ண எடுத்துக்கிச்சே."

"எடுத்துக்கிச்சு. ஆனா இருட்ட இருட்டுன்னுதான் காட்டிச்சு, பொய் காட்டல. இப்ப ஏரியக் காட்டுது. அப்ப ஏரி கீது, நானும் கீறேன். தூங்குய்யா."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுத் தோளில் சாய்ந்தார். குறட்டை வந்ததும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள்:

"ஒன்ன நம்பித்தான் சொல்லிட்டேன், சாமி. அவரு முழிக்கறப்ப என்னப் பொய்க்காரி ஆக்கிடாத."