இடதுகாலின் சின்னவிரல்

எனக்குக் கால் குளிர் தாங்காது என்றுதான் இந்த ஜேர்மன் நகரம் பீலெஃபெல்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்பதால் கோயிலுக்கும் போவதில்லை. சாமி நம்பிக்கை இல்லாத மனிதன் என்று பேர் எடுத்தேன். அதனால் ஒரு நட்டமும் இல்லை.

கிருபன் நல்ல பிள்ளை. இங்கே வளர்ந்து, இங்கேயே பல்கலைக்கழகத்தில் படித்தவன். அந்தப் படையணியின் வரலாற்றை எழுத ஆசைப்பட்டான். இலங்கையில் எங்கள் பக்கத்தில் இயக்கக்காரரை வேட்டையாடவென்று பொறுக்கியெடுத்து அனுப்பிய காலாட்படை அது. கையில் பச்சைப் பட்டி கட்டியிருப்பார்கள். அவனுடைய தகப்பன் ஆனந்தராசாவைக் கொண்டுபோனதும் அவர்கள்தான். நான் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் கசெற் ரெக்கோடரோடு என் வீட்டுக்கு விசாரிக்க வந்தான். எந்தக் காட்டில் பயிற்சி, எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்று தெரிந்ததைச் சொன்னேன். அவன் பிழையாக வைத்திருந்த இடங்களைத் திருத்தியும் கொடுத்தேன்.

தலையாட்டியைப் பற்றி அவனாகத்தான் பேச்செடுத்தான். உங்களுக்குத் தெரியாதிருக்கும், சொல்கிறேன். பிடிபட்ட ஒருவனுக்குத் தலைவழியே சாக்கைப் போட்டு, கண்ணுக்கு ஓட்டை வெட்டி, ஊர் ஆண்களை அவன் முன்னால் வரிசையாக நடத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆள் லொறியில் ஏறுவான். அன்றைக்கே பற்றைக்குள் சுட்டுவிடுவார்கள். சாக்கு இடுப்புவரைதான் மறைக்கும். கைதிக்குச் செருப்பும் கொடுப்பதில்லை.

ஆனந்தராசா இயக்கத்துக்கு ஒருநேரச் சோறுகூடக் கொடுத்தவர் இல்லை. ஆனால் வரிசையில் வந்தவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டியதில்லை. தலையாட்டினேன்.

"லொறியில ஏத்தேக்க அப்பா அம்மாவுக்குக் கத்திச் சொன்னவராம், மாமா," என்றான் கிருபன். "தலையாட்டிக்கு இடதுகாலில சின்னவிரல் இல்லையெண்டு."

சொல்லிவிட்டுக் கீழே குனிந்தான்.

இந்த நகரில் எங்கள் பக்கத்துச் சனம் நிறைய. விசயம் தெரிந்தால் என் மனைவிகூட என்னோடு ஒரு வீட்டில் இருக்கமாட்டாள். நான் உணவகத்தில் இறைச்சி வெட்டுகிறவன். கத்தி மேசையில் இருந்தது. முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. "மாமா" என்று என் கையைப் பிடித்தான். அந்தக் கையையும் வெட்டவேண்டி வந்தது. அசைவு நிற்கும்வரை வெட்டினேன். அரைகுறையாக விட்டால் பிள்ளைக்குத்தானே வேதனை.

இரத்தம் கழுவப் போனபோதுதான் கவனித்தேன், நான் காலுறை போட்டிருந்தேன். தரையில் வைத்திருந்த ரெக்கோடரில் கசெற் முடிந்திருந்தது. அதைத் திருப்பிப் போடத்தான் பிள்ளை குனிந்திருக்கிறான். அது எனக்குக் கவலைதான். மற்றபடி, ஊரில் நான் ஒருவரையும் விரலால்கூடத் தொட்டதில்லை. செய்ததெல்லாம் படையணி.

இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு மொழிபெயர்க்க வந்திருக்கும் யதுசா உங்கள் கேள்வியை மறுபடியும் கேட்கிறாள், கொன்றது நான்தானா என்று. தலையாட்டினேன்.

"தலையாட்டினாக் காணாது, அங்கிள். வாயால சொல்லுங்கோ," என்கிறாள்.

பச்சைப் பட்டிக்காரருக்கு அது எப்போதும் போதுமாகத்தான் இருந்தது.