குனிஞ்சு வா

இந்த இடத்துல பேச்சைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு, உங்களுக்கு ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். கதையும் குட்டி... அதுல வர்ற ரயிலும் குட்டி.

தெய்வநாயகம்னு ஒருத்தர். ஒரு மில்லுல எலக்ட்ரிகல் சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனதும் சில பேருக்கு சர்க்கரை வரும். இவருக்கு ரயில் வந்துச்சு! பொம்மை ரயில். வீட்டுல ஒரு ரூமைப் பிடிச்சார். நாலு சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்துக்குப் பலகை அடிச்சார். அது மேல தண்டவாளம், ஸ்டேஷன், சந்தை, குட்டிக் குட்டி மனுஷங்க...

ரயில் சுத்தி வரணுமா இல்லையா? வரணும். ஆனா நடுவுல ரூமுக்கு வாசல் இருக்கே! என்ன பண்ணார்? வாசலுக்குக் குறுக்கயும் ஒரு பலகையை அடிச்சார். அது மேல தெர்மோகோல்ல, வெளிய நிக்கறவங்களுக்கு உள்ள எதுவும் தெரியாத உயரத்துக்கு ஒரு மலை. மலைக்குள்ள சுரங்கப்பாதை. ரயில் உள்ள போயி, கூவிக்கிட்டு வெளிய வரும். ஜோர்!

அப்ப மனுஷன் உள்ள போகணும்னா? பலகைக்கு அடியில குனிஞ்சு, தவழ்ந்து போகணும். இவர் போவார்.

அவர் சம்சாரம் கனகவல்லி. அந்தம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சு, மடங்காது. தினமும் காப்பியைக் கொண்டுவந்து, வாசல்ல நின்னு, மலைக்கு மேல கையை நீட்டும். இவர் உள்ள இருந்து வாங்கிக்குவார். ஒருநாள் அந்தம்மா கேட்டுது.

"என்னங்க... நானும் ஒரு தடவை உள்ள வந்து பாக்கணும்ங்க."

"வாயேன். யாரு வேணாம்னா? குனிஞ்சு வா."

"முட்டி மடங்கலைங்களே..."

"அட, கொஞ்சம் குனிஞ்சா போதும் கனகா. குனிஞ்சு வா!"

சொல்லிட்டு ரயிலைப் பாக்கத் திரும்பிட்டார். அந்தம்மா இன்னும் ரெண்டு மூணு தடவை கேட்டுது. அதே பதில்தான். குனிஞ்சு வா. அப்புறம் கேக்கறதை விட்டுடுச்சு. இவர் ஊரெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா? "அவளுக்கு இதுல எல்லாம் இன்ட்ரஸ்ட் இல்லைங்க!"

வருஷங்கள் போச்சு. ஒருநாள் இவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. டாக்டர் சொல்லிட்டார், "இனிமே நீங்க குனியவே கூடாது."

இப்ப என்ன பண்ணார்? ரம்பத்தை எடுத்தார்! வாசல் பலகையை ரெண்டு பக்கமும் அறுத்தார். மலையோட சேத்து அப்படியே தூக்கி எடுத்து, மறுபடி மாட்டற மாதிரி செஞ்சார். சும்மா இல்லைங்க... தண்டவாளம் மயிரிழை விலகினாலும் ரயில் கவிழ்ந்துடும். அதுக்காக ரெண்டு பக்கமும் பித்தளைத் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாள் வழியாத்தான் கரெண்டு. பலகையை எடுத்தா கரெண்டு கட். ரயில் வாசலுக்கு முன்னாடியே நின்னுடும்.

கவனிங்க... பொம்மை ரயில் விழுந்துடக் கூடாதுன்னு இவ்வளவு யோசிச்ச மனுஷன்!

அவரை மாதிரியே ரயில் பைத்தியம் ஒருத்தர், லத்தீப் பாய்னு சிநேகிதர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பலகையைத் தூக்கி ஓரமா வச்சார். ரயில் டக்குனு நின்னுச்சு. "பாத்தீங்களா பாய்!" பாய் கை தட்டறார். அந்த நேரம் பாத்து கனகவல்லியம்மா காப்பியோட வருது. வந்து, பழக்கதோஷத்துல, வாசல்ல நின்னு கையை நீட்டுது...

அங்க மலை இல்ல.

"உள்ள வாங்கம்மா"ன்னார் பாய். அந்தம்மா தரையைப் பாத்துது. அப்புறம் மெதுவா ஒரு கால் எடுத்து வச்சுது. காப்பியைக் குடுத்துட்டு, ஓரமா இருந்த மலையைப் பாத்து நின்னுடுச்சு.

"ஏங்க... இந்த மலைல ஆடு மேயுதுங்களா?"

"ஆமா கனகா. ஏன், நீ பாத்ததே இல்லையா?"

"என் பக்கம் வெறும் பேப்பர்தானுங்களே ஒட்டியிருக்கும். ஏதோ துணிக்கடை விளம்பரம், பாதி கிழிஞ்சது. நீங்க டம்ளரை வாங்கற வரைக்கும் அதைத்தான் படிச்சிட்டு நிப்பேன்."

பாய்க்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பேச்சை மாத்தணும்னு, "அருமையான வேலை சார், எத்தனை நாள் ஆச்சு?"ன்னு கேட்டார். தெய்வநாயகம் பெருமையா, "ஒரே வாரம் பாய்! சும்மா ஒரு வாரம்!"

கனகவல்லியம்மா திரும்பிப் பாத்துது. கோபம் இல்ல. கண்ணீர் இல்ல. நிஜமாவே தெரியாமக் கேட்டுது.

"ஒரு வார வேலைதானாங்க இது?"

அய்யா... அந்த மனுஷனுக்கு அதுக்கு அப்புறம் தலை நிமிரலை. டாக்டர் குனியக் கூடாதுன்னாரே... அன்னைக்குக் குனிஞ்சுது பாருங்க ஒரு தலை! பாய் முகத்தைப் பாக்க முடியல. பொண்டாட்டி முகத்தைப் பாக்க முடியல. வெக்கம்... உடம்பெல்லாம் வெக்கம்.

ஏன் சிரிப்பு நின்னுடுச்சு? தெய்வநாயகம் உங்களுக்கு யாரோவா? நம்ம வலி நமக்கு ஒரு வாரத்துல ரம்பத்தைத் தூக்க வைக்குது. அடுத்தவங்க வலிக்கு நாம என்ன சொல்றோம்? குனிஞ்சு வா. முடியலைன்னு அவங்க ஒதுங்கினா, ஆர்வம் இல்லைன்னு நாமளே ஒரு பேரும் வச்சிடறோம்!

இந்தக் காலனி மண்டபம் மாடியில இருக்கு. ஏறி வரும்போது பாத்தேன். கீழ, கார் நிறுத்துற இடத்துல, வயசானவங்க ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து, ஸ்பீக்கரை அண்ணாந்து பாத்துட்டு இருக்காங்க. உங்க செயலாளர் என்கிட்ட சொன்னார், "அவங்களுக்கு மேல வர்றதுல இன்ட்ரஸ்ட் இல்ல சார்." நானும் "அப்படியா"ன்னு கேட்டுட்டு, மாலையைப் போட்டுக்கிட்டு மேடை ஏறிட்டேன். இந்தக் கதையைச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே சுருக்குன்னுது.

கீழ இருக்கற பெரியவங்களே... நான் பேசறது கேக்குதில்ல? எங்களை மன்னிச்சிடுங்க.

மேல இருக்கறவங்க எந்திரிங்க. ஆளுக்கு ஒரு நாற்காலியைத் தூக்குங்க. மீதிப் பேச்சை நான் கீழ வந்து பேசறேன்.