பன்றி வேட்டைத் தகடு

வாத்து இறகுதான் நல்லது, ஐயா. கோழி இறகு அமிலத்தில் சீக்கிரம் பொசுங்கிவிடும். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் வரைந்து அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தையெல்லாம் அது அரிக்கும். அப்போது எழும் குமிழிகளை ஒருவர் இறகால் விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பதினோரு ஆண்டுகள் அந்த வேலையை என் மனைவி லைஸ்கென் செய்தாள். அவளைவிடப் பொறுமையான கை ஆன்ட்வெர்ப்பில் இல்லை.

ஓவியர் லாம்ப்ரெக்ட் தீட்டும் வேட்டைக் காட்சிகளை நான் தகட்டில் இறக்குவேன். தகட்டிலிருந்து தாளில் எடுக்கும் அச்சில் இடம் வலமாகிவிடும். அதனால் கண்ணாடியில் பார்த்துத் திருப்பி வரைய வேண்டும். மான் வேட்டையை அவசரத்தில் அப்படியே வரைந்துவிட்டேன். அச்சு வந்த அன்று லாம்ப்ரெக்ட் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

“ஏம்ப்பா கோவார்ட், ஊர்ல இருக்கிற இடதுகைக்காரனையெல்லாம் பொறுக்கி என் காட்டுக்குள்ள விட்டுட்டியே.”

லைஸ்கென் பீர் ஊற்றியபடி சொன்னாள்: “கல்யாணத்தன்னிக்கு மோதிரத்தையே தப்பான கையில மாட்டின மனுஷன். மானுக்கு என்ன தெரியப்போகுது, விடுங்க.”

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்தது பன்றி வேட்டை. ஜனவரி மாதம். கண்ணாடி வைத்து ஒவ்வொரு கையையும் சரிபார்த்தேன். நாய்களின் வாய் ஆழமாகக் கறுக்க வேண்டும் என்று அமிலத்தில் வழக்கமான அளவு தண்ணீர் கலக்கவில்லை. எப்போதும் ஜன்னலோரம் இருக்கும் தொட்டியை, அன்று காலை ஜன்னலில்லாத விறகறைக்கு மாற்றினேன். அவளிடம் விளக்கையும் இறகையும் கொடுத்துக் கதவைச் சாத்தினேன்.

சற்று நேரத்தில் பழுப்புப் புகை கதவிடுக்கில் கசிந்தது.

“கோவார்ட், நெஞ்சை அடைக்குது. கதவைத் திற.”

“இறகை நிறுத்தாத. குமிழி நின்னுச்சுன்னா நாய்க்குப் பல்லு பொக்கையாயிடும்.”

“நாய் நாசமாப் போகட்டும். திறய்யா.”

அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. கதவைத் தட்டினாள், பிறகு இருமல் மட்டும் கேட்டது. அரிப்பு நேரம் பார்க்கும் மணற்கடிகாரத்தில் மணல் பாதிதான் இறங்கியிருந்தது. முழுதும் இறங்கிய பிறகு திறந்தேன். முதலில் தகட்டை எடுத்துக் கழுவினேன். லைஸ்கென் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இறகை எப்போது கீழே விட்டாளோ, ஒரு நாய்க்கு இரண்டு பற்கள் சரியாக விழவில்லை. மறுநாள் மாலை வரை உயிரோடுதான் இருந்தாள். பற்களைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. நோயாளியின் மனம் நோகக் கூடாது.

வெளித்தாழ்ப்பாளைப் போட்டது நான்தான், நீதிபதி ஐயா. மறுக்கவில்லை. ஜனவரிக் குளிர்காற்று அவள் நெஞ்சுக்கு ஆகாது.