கார்பனைப் பூட்டிய மண்டபம்

மெரியானா: பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா, பாவோரா. நாளைக்கு மண்டபத் திறப்புக்குக் கூப்பிடத்தான் வந்தேன்னா கழட்டவே வேணாம்… அப்படியே திரும்பிடு.

பாவோரா: கிஸ்போர்ன் டவுன்லருந்து நேரா வர்றேன்க்கா. ஒரு வாய் டீயாவது…

மெரியானா: டீ உண்டு. ரொட்டியும் பொரிச்சிருக்கேன். விடியக்காலை நான் வரமாட்டேன், அவ்வளவுதான்.

பாவோரா: நம்ம வழக்கத்துல புது மண்டபம்னா முதல்ல ஒரு பொம்பளைதானே வாசல் தாண்டணும்? பெரியவங்க உன் பேரைத்தான் சொன்னாங்க. நீ தாண்டாம ஒருத்தரும் உள்ள போக முடியாது.

மெரியானா: அப்ப பெரியவங்களையே அந்தப் பலகையைப் படிக்கச் சொல்லு.

பாவோரா: எந்தப் பலகை?

மெரியானா: கேக்குறான் பாரு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி! கட்டட மேஸ்திரி நீ, மாட்டினது நீ. ‘இம்மண்டபம் காற்றிலிருந்த கார்பனைத் தன் மரத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறது.’ பூட்டி வச்சிருக்காம்! சாவி யார்கிட்ட?

பாவோரா: பொய்யில்லக்கா. மரம் வளரும்போது இழுத்த கார்பன் அந்த உத்தரத்துலதானே இருக்கு? பலகை மேல பலகை ஒட்டி அழுத்தின மரம். இதையே சிமெண்டுலயும் இரும்புலயும் கட்டியிருந்தா எவ்வளவு புகை…

மெரியானா: நான் இரும்பு கேட்டேனா? மரம் நல்லதுதான். கணக்கு எங்கடா தொடங்குது?

பாவோரா: மரம் லாரி ஏறின இடத்துலருந்து…

மெரியானா: ஏறாதது? மரக் கம்பெனிக்காரங்க மலையை மொட்டையடிச்சு, கோணக் கட்டை, கிளை, தூர் எல்லாத்தையும் சரிவுலயே போட்டுட்டுப் போனாங்களே… புயலுக்கு அத்தனையும் ஆத்தோட வந்து நம்ம பழைய மண்டபத்தை இடிச்சுச்சே… என் பாலத்தை… என் டூயியை…

பாவோரா: அக்கா…

மெரியானா: வெள்ளத்துல நீந்துற குதிரைடா அது. தண்ணி கொல்லல, கட்டை கொன்னுச்சு. மிச்சம் இன்னும் கடற்கரையில அழுகுது. அந்தக் கார்பனுக்கு யார் பூட்டுப் போட்டாங்க?

பாவோரா: யாரும் போடலக்கா.

மெரியானா: நம்ம மலை பைன் மரம் கப்பலேறிப் போச்சு. உன் உத்தரம் வேற தேசத்துல ஒட்டி, வேற கப்பல்ல வந்துச்சு. அதையாவது எழுதினானா?

பாவோரா: நானே கேட்டேன். பலகையில இடம் பத்தாதுன்னுட்டாங்க.

மெரியானா: பணம் குடுத்தானுங்கன்னு கம்பெனி பேரை முழ நீளத்துக்குப் போட இடம் இருந்துச்சு!

பாவோரா: இன்னொரு ரொட்டி குடு… கோவத்துல பொரிச்சாலும் நல்லாத்தான் வருது உனக்கு.

மெரியானா: பேச்சை மாத்தாத. என் வீட்டு கேட்டுக்கிட்ட கிடந்த கட்டையைக்கூட விட்டு வைக்கல அவனுங்க.

பாவோரா: எது… டூயியை அடிச்சதா?

மெரியானா: அதேதான். வெட்டுமுகத்துல கம்பெனியோட நீலக் குறி. போறவன் வர்றவன் பாக்கட்டும்னு போட்டிருந்தேன். போன வாரம் காணோம். சாட்சியைத் தூக்கிட்டானுங்க, திருட்டுப் பசங்க!

பாவோரா: கம்பெனிக்காரன் எடுக்கலக்கா.

மெரியானா: பின்ன? கால் முளைச்சு நடந்து போச்சா?

பாவோரா: நான்தான் எடுத்தேன்.

மெரியானா: …என்னது?

பாவோரா: மண்டபத்து வாசப்படி அதுதான். மேல மட்டும் இழைச்சேன். நீலக் குறியை விட்டுட்டேன், பலகைக்கு நேர் கீழ தெரியுது. கம்பெனிப் பெரிய மனுஷன்லருந்து எல்லாரும் அதைத் தாண்டித்தான் உள்ள போகணும். இது என்ன குறின்னு கேப்பாங்க… முதல்ல தாண்டப்போறவ நீ, நீயே சொல்லு. முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும். படியைப் பேத்திருப்பாங்க.

மெரியானா: அடப்பாவி… இதை இன்னிக்குக் காலையிலயாவது வந்து சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

பாவோரா: ஏன்க்கா?

மெரியானா: பூட்ஸை மாட்டு, டிராக்டரை எடு. மத்தியானம் கடற்கரைக் கட்டையை ஒரு வண்டி இழுத்துட்டுப் போய் உன் மண்டப வாசல்ல குறுக்கே கொட்டிட்டு வந்திருக்கேன்… ஒரு பொம்பளை நுழையற அளவுக்கு ஒதுக்கினாப் போதும். மிச்சம் அங்கேயே கிடக்கட்டும்.