வெறும் கஞ்சி

எங்கள் வீட்டில் காலைக் கஞ்சி காய்ச்சுவது நான்தான், ஐயா. புளித்த சோளமாவைக் கட்டி தட்டாமல் கிண்டப் பொறுமை வேண்டும். என் மனைவி செர்வாவுக்கு அது கிடையாது.

கூமாசிச் சந்தைத் தீயில் அவளுடைய துணிக்கடை எரிந்துபோனது. அதிலிருந்து தூங்கமாட்டாள், கதவு அடித்தால் நடுங்குவாள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சேர்த்து ஒரே மாத்திரை கொடுத்தார் மருத்துவர். தேறினாள். அவரும் மெல்லக் குறைத்து நிறுத்தினார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. தலைநகர் அக்ராவில் தங்கையோடு கடை போடப் போகிறேன், இனி உன்னோடு வாழமாட்டேன் என்றாள். நோய் திரும்பிவிட்டதென்று எடுத்துக்கொண்டேன்.

அதே மாத்திரையை வேறு கடையில் வாங்கி, பொடித்து, கஞ்சியில் கலந்தேன். கசப்புக்குச் சர்க்கரை கூட்டினேன். பெட்டிக்குள் இருந்த தாளில் பக்கவிளைவுகளைப் படித்திருந்தேன். தூக்கக் கலக்கம் வந்தது. மறதியும் வந்தது, அக்ராவை மறந்தாள். வாய் உலர்ந்து பேச்சுக் குறைந்தது. உடல் பருத்தது. இடுப்பில் அணியும் மணிச்சரம் இறுகி, ஒருநாள் அறுந்து சிதறியது.

மாமியார் நீளமான புதுச்சரம் கொண்டுவந்தார். மனைவி பருத்தால் எங்கள் ஊரில் கணவனுக்குத்தான் பாராட்டு.

“என்ன மாப்ளே, எம் பொண்ணு இடுப்பச் சுத்தி வர எனக்கே மூச்சு வாங்குது. நல்லா வச்சிருக்கீங்க.”

தேவாலயத்திலும் என்னை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். செர்வா அருகில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் தங்கை ஆஃபியா வந்தாள்.

“அத்தான், அக்கா கண்ணு விக்காத மீனு கண்ணு மாதிரி கெடக்கே. என்னதான் குடுக்குறீங்க?”

“கஞ்சிதாம்மா.”

“அப்ப நானும் இங்கயே தங்குறேன். அவ சட்டியிலயே எனக்கும் ஊத்துங்க.”

மறுநாளே மாத்திரையை நிறுத்தினேன். நாள்பட்டுச் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம் என்று தாளின் கடைசி மடிப்பில் இருந்தது. அதையும் படித்திருந்தேன்.

செர்வாவுக்கு வியர்த்தது, கை நடுங்கியது. ஆஃபியா மருத்துவமனைக்குக் கூப்பிட்டாள். மலேரியாதான் என்றேன். இங்கே யாருக்குத்தான் அது வரவில்லை? அவளும் நம்பினாள். கஞ்சிக் கிண்ணத்தின் முன்னாலேயே செர்வாவுக்கு வலிப்பு வந்தது. வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. மாமியார் தந்த சரத்தோடுதான் அடக்கம் செய்தோம்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்த வாரம் நான் கொடுத்தது வெறும் கஞ்சி. ஆஃபியாவும் அதையேதான் குடித்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே.