படித்த இடத்துக்கு ஓர் உடம்பு

மூதூருக்குப் போகும் லாஞ்ச் படகில் எனக்கு முன்னால் இருந்த தலை நரைத்த டொக்டர் மனைவியிடம் சொன்னார்: "சேமக்காலையில எனக்குக் குழி வெட்டவேண்டாம்."

"என்ன கதை இது? நெஞ்சு வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில மருந்து தந்துதானே விட்டவை."

"நான் படிச்ச மருத்துவ பீடத்துக்கு உடம்பை எப்பவோ எழுதிக் குடுத்திட்டன். அங்க ஆரோ ஒருத்தரை வெட்டித்தானே நானும் படிச்சனான்."

"ஐயோ, எனக்குப் பயமாக் கிடக்கு."

"செத்தாப்பிறகு நோகாது. பயப்பிடாதையும்."

லாஞ்ச் துறைமுகத்தைத் தாண்டி ஆடத் தொடங்கியது. மனைவி குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கள் எழுதேக்க மகள் சின்னப்பிள்ளை. வாற மாதம் அங்கதானே படிக்கப் போறாள். மேசையில துணியை விலக்கிறது அவளெண்டா?"

டொக்டர் மூதூர் வரும்வரை தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.